ஐப்பசி மழை முதல் தைப்பூசம் வரை: இரவுச் சாலையில் யார் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள்?

#1 கொள்ளிடக்கரை

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: 'வாகன ஓட்டிகள் எச்சரிக்கையுடன் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' எதில் எச்சரிக்கை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அதைப் பேசத்தான் இந்த இழை.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஐப்பசியிலிருந்து தை வரை நம் சாலைகளில் சறுக்கலை விடப் பெரிய ஆபத்து, ஒருவர் அங்கே இருப்பது இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான். முதலில் மழை, அப்புறம் மார்கழிப் பனி. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. சாலையில் கூட்டம் கூடுவதும் இதே மாதங்களில்தான். கறுப்பு வேட்டியில் ஐயப்ப பக்தர்கள், பச்சை உடுத்திப் பழனிக்கு நடப்பவர்கள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், அறுவடை முடிந்து ரோட்டில் காயும் நெல், ஈரத் தரை பிடிக்காமல் தார்ச்சாலையில் வந்து படுக்கும் மாடுகள். இதில் ஒன்றுக்காவது பின்னால் சிவப்பு விளக்கு உண்டா?

நான் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கார் ஓட்டுகிறவன். பைக், லாரி, சைக்கிள், கால்நடை என்று மற்றவர்கள் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.

#2 இரட்டைச்சக்கரம்

மறுக்கிறேன். தெரிகிறது, தெரியவில்லை என்பதெல்லாம் நாலு சக்கரத்தில் போகிறவர்கள் கவலை. எங்களுக்கு முதல் எதிரி வழுக்கல்தான்.

கோடை முழுக்கச் சாலையில் சிந்திய டீசல், ஆயில், டயர் ரப்பர் தூள் எல்லாம் முதல் மழையில் மேலே மிதந்து வரும். பெருமழையை விட அந்த முதல் அரை மணி நேரத் தூறல்தான் மோசம். நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் சாலை கொஞ்சம் தேவலை. வெள்ளைக் கோடு, அம்புக்குறி, ஜீப்ரா கிராசிங், பாதாளச் சாக்கடை மூடி, மேம்பாலத்தில் குறுக்கே வரும் இரும்பு இணைப்பு: இவற்றின் மேல் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக் தொட்டால் கதை முடிந்தது. நேராகப் பிடித்து, பிரேக் தொடாமல் தாண்ட வேண்டும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கவே கூடாது.

இன்னொன்று. 125 சிசிக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு 2019-லிருந்து ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக், கட்டாயம். அதற்குக் கீழே சிபிஎஸ் போதும் என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். சிபிஎஸ் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. 'என் வண்டியில் ஏதோ பிரேக் சிஸ்டம் இருக்கிறது' என்று ஈரத்தில் ஓங்கிப் பிடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

#3 நாமக்கல்_லாரி

இரட்டைச்சக்கரம் தம்பி, வழுக்கி விழுகிறீர்கள், சரி. விழுந்த பிறகு பின்னால் வருகிற எனக்கு நீங்கள் தெரிய வேண்டுமா, வேண்டாமா?

லாரி கேபினில் உட்கார்ந்து பாருங்கள். மழையில் முன்னால் போகும் வண்டிகளின் சக்கரம் அடிக்கும் நீர்த்திவலை கண்ணாடி முழுக்கப் படரும். வைப்பர் ஒரு பக்கம் தள்ள, எதிரே வருபவனின் ஹைபீம் ஒவ்வொரு துளியிலும் சிதறும். அந்த நேரத்தில் கறுப்பு மழைக்கோட்டு, கறுப்பு ஹெல்மெட், கறுப்பு வண்டி. அழுக்கு தெரியாது என்று எல்லாரும் கறுப்புக் கோட்டுதான் வாங்குகிறார்கள், அழுக்கோடு சேர்ந்து ஆளும் தெரியாமல் போகிறார். 2017-லிருந்து வரும் பைக்குகளில் முன் விளக்கு தானாகவே எரிகிறது, அதனால் எதிரே வருபவர் தெரிகிறார். முன்னால் போகிறவர்தான் பிரச்சினை. சேற்றில் மூடிய பின் விளக்கை யார் துடைக்கிறார்கள்?

எங்கள் வண்டிகளுக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் என்று ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டாமல் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) கிடைக்காது. இத்தனை பெரிய லாரிக்கே அது தேவை என்றால் ஒரு மனிதனுக்கு?

#4 கணக்கு_வாத்தியார்

சண்டை வேண்டாம். கொஞ்சம் கணக்கு போடுவோம்.

80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஒன்றைப் பார்த்து, புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விட்டது, வேகம் இன்னும் குறையவே தொடங்கவில்லை. அதன் பிறகு நிற்க, காய்ந்த சாலையில் சுமார் 35 மீட்டர். ஈரச் சாலையில் 60 மீட்டரைத் தாண்டும். ஆக ஈரத்தில் மொத்தம் 95 மீட்டர் பக்கம் வருகிறது.

டிம் லைட் எவ்வளவு தூரம் காட்டும்? நல்ல நிலையில் இருந்தாலும் ஏறக்குறைய 50 மீட்டர். ஆக, கறுப்பு உடையில் நடப்பவரை 80-ல் போகிறவர் 'பார்த்த பிறகும்' இடிப்பார். அது கவனக்குறைவே இல்லை, வேகத்தைத் தேர்ந்தெடுத்தபோதே முடிவாகிவிட்ட விஷயம்.

அதே ஈரச் சாலையில் 50 கி.மீ.? யோசிக்க 21 மீட்டர், நிற்க 25 மீட்டர், கூட்டினால் 46. வெளிச்சத்துக்குள் வண்டி நின்றுவிடுகிறது. வேகம் இருமடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தான். பார்வை தூரமும் பிடிமானமும் ஒரே கழித்தல் கணக்கில் வருவதால் #1, #2 இருவரும் சொல்வது சரி.

#5 இரட்டைச்சக்கரம்

வாத்தியார் சார், கணக்கு சரி. ஆனால் நெடுஞ்சாலையில் 50-ல் போனால் பின்னால் வரும் ஆம்னி பஸ் ஹாரன் அடித்தே கொன்றுவிடும்.

#6 நாமக்கல்_லாரி

அடிக்கட்டும் தம்பி. இடது தடத்தில் போங்கள், ஆனால் ஓரத்து மண்ணில் இறங்காதீர்கள். ஓரத்தில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளமா, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய குழியா என்று தெரியாது. முன்னால் போன வண்டியின் டயர் தண்ணீரை விலக்கிய தடம் இருக்கும், அதிலேயே போவது நல்லது. இடைவெளி மட்டும் வழக்கத்தை விட இரண்டு பங்கு. முன்னால் போகும் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, நான்கு நொடிக்குப் பிறகு நீங்கள் அதைத் தாண்டினால் சரி.

இன்னொன்று, மழைக்கு ஒதுங்குவது. நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு அடியில் பைக்குகள் மூன்று வரிசையில் தடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியே கொட்டும் மழையிலிருந்து நாங்கள் அந்த இருட்டுக்குள் நுழையும்போது உள்ளே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. ஒதுங்குவதென்றால் சாலையை விட்டே இறங்கி, டீக்கடையோ பெட்ரோல் பங்கோ பார்த்து ஒதுங்குங்கள்.

#7 ஓஎம்ஆர்_வாசி

ஒரு சந்தேகம். மழை வலுத்தால் இங்கே எல்லாரும் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவிட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். தெரிவதுதான் முக்கியம் என்கிறீர்களே, அப்படியானால் அது நல்லதுதானே?

#8 ஸ்பேனர்_அண்ணாச்சி

நல்லது இல்லை. அந்த விளக்கு நின்றுபோன வண்டிக்கு. ஓடும்போது போட்டால் நீங்கள் இடமா, வலமா திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குச் சொல்ல வழி இல்லை. போதாததற்கு உண்மையிலேயே நின்றுபோன வண்டி எது, ஓடுகிற வண்டி எது என்று குழம்பி யாராவது போய் மோதுவார்கள். டிம் லைட் போட்டாலே பின்னால் சிவப்பு விளக்கு எரியும், அது போதும். பனிமூட்டத்தில் ஹைபீம் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், வெள்ளைச் சுவர் மாதிரி. ஃபாக் லைட் கீழே தாழ்வாக வைத்திருப்பதே அதனால்தான்.

கண்ணாடி உள்ளே புகைபோல் படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். குளிருகிறதே என்று மழையில் ஏசியை அணைப்பவர்கள் அதிகம். ஏசி காற்றின் ஈரத்தை எடுப்பதால்தான் கண்ணாடி தெளிகிறது. ஹெல்மெட் கண்ணாடிக்கு ஒரு சொட்டு ஷாம்பூ தேய்த்து, காய்ந்ததும் மெல்லத் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். உருளைக்கிழங்கு தேய்க்கச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது, அதைக் குழம்பில் போடுங்கள்.

டயரில் டிடபிள்யூஐ என்று போட்ட இடத்தில் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். கார் டயரில் அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், தண்ணீரை வெளியேற்ற டயரில் போதிய பள்ளம் இல்லை என்று அர்த்தம். ஐப்பசிக்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

#9 ஓஎம்ஆர்_வாசி

நன்றி அண்ணாச்சி. தேங்கிய தண்ணீரில் காரை விடலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்டதை மறக்காமல், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அந்த ஊர்க்காரன் நான்.

#10 ஸ்பேனர்_அண்ணாச்சி

ஒரு அடி தண்ணீரே சின்ன காரை மிதக்க வைத்துவிடும். இரண்டு அடி ஓடும் தண்ணீர் பெரிய வண்டியையும் தள்ளும். நடுத் தண்ணீரில் இஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளையும், செலவு பல மடங்காகும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் அதற்குப் பணம் கிடைப்பது கடினம், இஞ்சினுக்கென்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

சுரங்கப்பாதையைப் பற்றி மட்டும் விளையாட்டாகப் பேசாதீர்கள். சென்னையில் துரைசாமி, கணேசபுரம் சுரங்கப்பாதைகளைத் தண்ணீர் ஏறினால் மூடிவிடுவார்கள். ஊர்ப்புறத்தில் கேட்டை எடுத்துவிட்டுக் கட்டிய ரயில்வே சுரங்கப்பாதைகளில் தடுப்புப் போட ஆள் இருக்க மாட்டார். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படி ஒரு சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் காரோடு சிக்கி ஓர் உயிர் போனது. தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது, இரவில் ஈரச் சாலையும் குளமும் ஒரே பளபளப்பாகத்தான் இருக்கும். மாட்டிக்கொண்டால் முதல் வேலை, பெல்ட்டைக் கழற்றி ஜன்னலை இறக்குவது. தண்ணீர் ஏற ஏறக் கதவைத் திறக்க முடியாது, பவர் விண்டோவும் நின்றுவிடலாம்.

#11 கோத்தகிரி_மேகம்

மலைப்பாதைக்கு ஒரே வரி: ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி அது பிடிக்காமல் போகும். கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள். மூட்டம் அடர்ந்தால் வளைவில் நிற்காமல், அகலமான இடம் வரை மெல்லப் போய் நில்லுங்கள். அதற்கு மேல் இங்கே எழுதினால் இழை மலையேறிவிடும்.

#12 நடைவழி

இத்தனை பேரும் வண்டியிலிருந்தே பேசுகிறீர்கள். நான் நடக்கிற ஆள். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகத் தைப்பூசத்துக்குப் பழனி போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் விடியற்காலையிலும் இரவிலும்தான் நடப்போம். பனி இறங்குகிற நேரமும் அதுதான், ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவருக்குக் கண் சொக்குகிற நேரமும் அதுதான்.

உடையின் நிறத்தை மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள், மாற்றவும் வேண்டாம். பச்சையோ, கறுப்போ, மேல்மருவத்தூர்ச் சிவப்போ, இருட்டில் எல்லாம் ஒன்றுதான். அதன் மேல் எதை ஒட்டுகிறோம் என்பதே பேச்சு. போலீஸும் கோயில் ஆட்களும் வழியில் ரேடியம் ஸ்டிக்கர் கொடுக்கும்போது நம் ஆட்கள் அதை வாங்கித் தோள்பையின் மேலே ஒட்டுகிறார்கள், அல்லது காவடியின் உச்சியில். டிம் லைட் தரையைப் பார்த்து விழும் வெளிச்சம், முதலில் படுவது முழங்காலுக்குக் கீழேதான். கணுக்காலில் கட்டினால் தூரத்திலேயே மின்னும். அதோடு கால் முன்னும் பின்னும் அசைவதைப் பார்த்தால் அது மனிதன் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும், அசையாத ஸ்டிக்கர் மைல்கல் மாதிரி இருக்கும்.

எந்தப் பக்கம் நடப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே தகராறு. நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பது என் கட்சி. வருவது நமக்குத் தெரியும், ஒதுங்கலாம். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் இடது ஓரமாக, முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டுப் பாடிப் போகிறார்கள்.

#13 நாமக்கல்_லாரி

அண்ணே, தனியாளுக்கு நீங்கள் சொல்வது சரி. ஐம்பது பேர் கூட்டமாக வலப்பக்கம் வந்தால், முந்திக்கொண்டு வருபவன் நேராக உங்கள் மேல் வருவான். நடுவில் தடுப்பு உள்ள நாலு வழிச் சாலையில் வலப்பக்கம் நடக்க வேண்டுமென்றால் எதிர்த் தடத்துக்கே கடந்து போக வேண்டும், அப்படிக் கடப்பதே ஒரு ஆபத்து.

#14 நடைவழி

ஒப்புக்கொள்கிறேன், கூட்டத்துக்கு வேறு கணக்கு. கூட்டமாக இருந்தால் இடப்பக்கமே, ஆனால் தார் விளிம்புக்கு வெளியே, இரண்டு பேருக்கு மேல் அகலம் போகாமல். கடைசியில் நடப்பவர் கையில் பின்னால் தெரியும்படி சிவப்பு விளக்கு, முதல் ஆள் கையில் டார்ச். வயசாளிகளையும் பிள்ளைகளையும் நடுவில் விட வேண்டும், மெதுவாக நடப்பதால் அவர்கள்தான் வழக்கமாகக் கடைசியில் தங்கிப்போவார்கள். பழனி நெருங்கும் பக்கத்தில் பக்தர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கேயும் 'தார்ரோடு காலுக்கு இதம்' என்று இறங்கி நடப்பவர்களை என்ன செய்ய?

#15 கொள்ளிடக்கரை

நெல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. தை அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் பாதிச் சாலை நெல். சுற்றிலும் கல், மரக்கிளை. இரவில் தார்ப்பாயை மூடி, காற்றில் பறக்காமல் இருக்க மறுபடி கல். பைக்கில் வருபவர் அந்தக் கல்லில்தான் விழுகிறார்.

#16 மூன்றுபோகம்

சார், நாங்கள் ஆசைப்பட்டா ரோட்டில் காயவைக்கிறோம்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை கெடுத்துவிட்டால் தளர்வு கேட்டு மனு கொடுத்து, அது வருவதற்குள் நெல் முளைத்துவிடும். ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் போதுமா? தார்ச்சாலையில் ஒரு நாளில் காயும் நெல் மண்ணில் மூன்று நாள் ஆகும்.

ஆனால் கல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். கல்லுக்குப் பதில் மண் நிரப்பிய சாக்கு வைக்கலாம், அதன் மேல் ரேடியம் ஸ்டிக்கர் சுற்றலாம். வளைவிலும் பாலத்து ஏற்றத்திலும் கொட்டவே கூடாது. எங்கள் தெருவில் சிலர் பழைய சைக்கிள் ரிஃப்ளெக்டரைக் குச்சியில் கட்டி நடுகிறார்கள், நன்றாகத்தான் தெரிகிறது. கரும்பு டிராக்டர்க்காரர்களுக்கும் யாராவது சொல்லுங்கள், தோகை தொங்கிப் பின் விளக்கை மூடிவிடுகிறது. தொங்கும் கரும்பின் நுனியிலேயே ஒரு சிவப்பு விளக்கைக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

#17 சைக்கிள்_டீச்சர்

எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் வருகிறது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மழை நாளில் ஆறரைக்கு வீடு திரும்பும் பெண்பிள்ளைகள்தான் என் கவலை. சைக்கிள் பிரேக் ரிம்மைப் பிடிப்பது. ரிம் நனைந்தால் முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, அந்த ஈரத்தைத் துடைக்கவே அத்தனை சுற்று போய்விடும். ஆகவே முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பிடித்து விடச் சொல்கிறோம். இரண்டு பெடலிலும் மட்கார்டிலும் ஸ்டிக்கர், புத்தகப் பையின் மழை உறைக்கு மஞ்சள் நிறம்.

குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவதைப் பள்ளியில் தடை செய்துவிட்டோம். அதே கண்டிப்பை ஸ்கூட்டர் அப்பாக்களுக்கு யார் சொல்வது? பின்னால் உட்கார்ந்த அம்மா குடையை விரித்தால் காற்று அவரைப் பின்னோக்கி இழுக்கும், பிடிக்க ஒரு கைதான் மிச்சம். இப்படிக் குடையோடு விழுந்து தலையில் அடிபட்டவர்களைப் பற்றி எத்தனை முறை பேப்பரில் படித்திருப்போம்! தொளதொளவென்ற மழைக்கோட்டின் ஓரமும், துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும், அதையும் இழுத்துக் கட்ட வேண்டும்.

#18 ஓஎம்ஆர்_வாசி

டீச்சர், நடப்பவர்களுக்கு நகரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நடைபாதையில் இருக்கும் மின் பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதில் கால் வைக்காமல் சுற்றிப் போகச் சொல்லுங்கள். அறுந்த கம்பியோ, தண்ணீரில் மூழ்கிய பெட்டியோ பார்த்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம். சென்னையில் தண்ணீர் தேங்கியதற்கும் திறந்து கிடக்கும் மூடிக்கும் மாநகராட்சியின் 1913.

#19 கணக்கு_வாத்தியார்

விபத்து நடந்துவிட்டால் என்ன என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 108-ஐக் கூப்பிடத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. அடிபட்டவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்து எலும்பு எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

#20 இரட்டைச்சக்கரம்

சரி, பாதி வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். கறுப்பு மழைக்கோட்டு வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போட வேண்டுமா? ஸ்டிக்கர் ரெக்ஸினில் ஒட்டினால் இரண்டே மழையில் உரிந்துவிடுகிறதே.

#21 ஸ்பேனர்_அண்ணாச்சி

ஒட்டாதீர்கள், தையுங்கள். நம்பர் பிளேட் எழுதும் ரேடியம் கடையில் ஒட்டுகிற வகைதான் பெரும்பாலும் இருக்கும். தைக்கிற துணிப் பட்டை, சாலைப் பணியாளர்கள் போடும் கோட்டு விற்கும் பாதுகாப்புப் பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். முதுகில் குறுக்கே ஒன்று, இரண்டு கைகளில் ஒவ்வொன்று. ஊசித் துளை வழியாக ஈரம் இறங்காமல் உள்பக்கம் ரப்பர் பசை தடவிவிடச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும் ஒட்டுகிற வகையே போதும், சிவப்பு.

#22 நடைவழி

அண்ணாச்சி, அந்தத் துணிப் பட்டையைக் கணுக்காலில் கட்ட வெல்க்ரோ வைத்துத் தைத்துத் தருவார்களா? எங்கள் குழுவில் எழுபது பேர், இந்த முறை மார்கழிக்குள்ளேயே எடுத்து வைத்துவிடலாம் என்று பார்க்கிறோம்.

#23 ஸ்பேனர்_அண்ணாச்சி

உங்கள் ஊர் டெய்லரிடமே கொடுங்கள், பை தைப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. பட்டை இரண்டு இஞ்ச் அகலம் இருக்கட்டும். வேட்டியை மடித்துக் கட்டாதவர்களுக்குத் துணி மேலே விழுந்து மறைக்கும், அதனால் வேட்டிக்கு வெளியே கட்டச் சொல்லுங்கள்.